பொங்கலுக்கு மறுநாள் அடித்த குளிர்

இன்று விடிய சுபஹு தொழுதுவிட்டு எழும்பும்போது முழங்கால் இரண்டும் விறைத்துக் கிடந்தன. களப்புப் பக்கமிருந்து வாடைக் காற்று நேரே வீட்டுக்குள் வருகிறது. அலுமாரியைத் திறந்து உன்னுடைய நீலச் சுவெட்டரை எடுத்தேன். நீ போன பிறகு உன் மகள் என் கையில் தந்தது. கழுத்தோரத்தில் இன்னமும் தைலம் மணக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தபோது, பக்கத்து வீட்டார் நேற்றுத் தந்த பொங்கல் கோப்பை மேசையில் கழுவாமல் இருப்பதைக் கண்டேன். நேற்றுப் பொங்கல் என்றால் இன்று உன்னுடைய நாள். உன் பிறந்தநாள்கூட எனக்கு மறந்துபோகும். இந்த நாள் மறக்காது.

நாம் இருவரும் ஒரே மாதத்தில்தான் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். உடப்பிலிருந்து கரைவலைக்காரர் ஒருவரின் மகள் நீ. புத்தளம் டவுனிலிருந்து தையற்கடைக்காரரின் மகள் நான். கணக்கெழுதும் கந்தோருக்குப் பின்னால் வேலி போட்ட சின்ன வளவு. அதன் நடுவில் கால் முளைத்த வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் வெப்பமானிகள், பக்கத்தில் மழைமானி. வெயிலும் காற்றும்தான் உப்பை விளைவிக்கின்றன என்பதால் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே வெப்பத்தைக் குறித்துவந்தார்கள். அதைக் குறிக்கும் வேலை நமக்குக் கிடைத்தது. "சம்பளம் தந்து வானத்தைப் பார்க்கச் சொல்றாங்க, இதைவிட என்னடி வேணும்?" என்று முதல் நாளே சிரித்தாய்.

வாசலில் கரும்பலகை வைக்க வேண்டும் என்றது நீதான். இரவில் எவ்வளவு குளிர்ந்தது என்று ஒவ்வொரு நாளும் விடிந்ததும் சுண்ணக்கட்டியால் எழுதுவாய். அதற்குக் கீழே, முந்திய வருஷங்களில் இதே திகதியில் ஆகக் குறைந்தது எவ்வளவு என்பதையும் எழுதுவாய். வேலைக்கு வருகிற சனங்கள் நின்று பார்ப்பார்கள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரிக் கேட்பார்கள்: "என்ன தங்கச்சி, இண்டைக்குப் பழசு வெண்டிச்சா, புதுசு வெண்டிச்சா?" ஒவ்வொரு நாளும் பழசுதான் வெல்லும். நீ உதட்டைப் பிதுக்குவாய்.

அந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் விடிய நான் வேலைக்கு வந்தபோது நீ பெட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றாய். வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. புல்லெல்லாம் பனியில் வெளுத்திருந்தது. "வந்து பார். நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீயே பார்த்துச் சொல்லு" என்றாய். குனிந்து பார்த்தேன். இரவின் ஆகக் குறைந்த அளவைக் காட்டும் ஊசி, நாம் ஒருநாளும் காணாத கோட்டுக்கும் கீழே கிடந்தது. மாறி மாறிப் பார்த்தோம். அந்தத் திகதியில் மட்டுமல்ல, அங்கே குறித்துவைத்திருந்த எந்த நாளிலும் அப்படியொரு குளிர் இருக்கவில்லை. நீ பலகைக்கு ஓடினாய். முதல் தடவையாகப் புதுசு வென்றிருந்தது.

நீ எழுதிக்கொண்டிருக்கும்போதே உப்புப் பாத்திப் பக்கம் சத்தம் கேட்டது.

பாத்தியில் வேலை செய்யும் சலீம் நானாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாரி மழையில் ஊறியிருந்த வரம்பு விடியப்புறம் உடைந்திருக்கிறது. கங்காணி அவரோடு மூன்று ஆட்களை இடுப்பளவு தண்ணீரில் இறக்கி மண் மூட்டை அடுக்க விட்டிருக்கிறார். மற்ற இருவரும் இளந்தாரிகள். சலீம் நானாவுக்கு வயது போயிருந்தது. "குளிருது, கொஞ்சம் ஏறுறன்" என்று அவர் கேட்டதையும், "வரம்பு முடியட்டும்" என்று கங்காணி சொன்னதையும் அந்த இருவரும் பிறகு சொன்னார்கள். நாம் சாக்குகளால் சுற்றி, தேத்தண்ணி அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்தினோம். நீ அவருடைய பாதங்களை உன் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாய். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் மௌத்தாகிவிட்டார்.

பகலுக்கு முன்பே கம்பனியின் கதை தயாராகிவிட்டது. அவர் குடித்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தாராம்.

நான் மையித்து வீட்டுக்குப் போனேன். நீயும் முக்காடு போட்டுக்கொண்டு என்னோடு வந்தாய். அவருடைய மனைவி உன் கையைப் பிடித்தபடி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "என்ட மாப்புள ஒருநாளும் அதத் தொடல்ல தங்கச்சி. ஊர் எல்லாம் இப்ப என்ன கதைக்கும்? பள்ளிவாசல்ல என்ன கதைக்கும்?" சாவைவிட அந்தச் சொல்தான் அவரை வெட்டியிருந்தது.

மறுநாள் முகாமையாளர் பலகைக்கு முன்னால் நின்றார். முந்தைய நாள் இலக்கத்தை நீ அழிக்காமல் விட்டிருந்தாய்.

"இது பிழை. புத்தளத்தில இப்பிடிக் குளிர் வராது. கூட்டி எழுதுங்க."

"நான் கண்டததான் எழுதினன், சேர். கண்டதக் கூட்டுறதுக்கு எனக்குத் தெரியாது."

அவர் பொக்கெட்டிலிருந்து லேஞ்சியை எடுத்து அழித்தார். நீ அவர் முன்னாலேயே திரும்ப எழுதினாய். அவர் அழித்தார். நீ முந்தியதைவிடப் பெரிதாக எழுதினாய். அதற்குள் சனம் கூடிவிட்டது. "பலகையைக் கழற்று!" என்று காவலாளியைப் பார்த்துக் கத்தினார். பலகை போனது. நீ சுண்ணக்கட்டியோடு நடந்துபோய் வாசல் மதிலில் எழுதினாய். கடற்கரையில் வலை இழுக்கிறவர்களைப்போலக் காலை ஊன்றிக்கொண்டு நின்றாய்.

முகாமையாளர் என் பக்கம் திரும்பினார். "நீயும் பார்த்தியா?"

"ஓம் சேர். நானும் பார்த்தன்."

என் வாயிலிருந்து அது அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைத்திருக்கவில்லை. நீ திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இப்போதும் எனக்கு முன்னால் நிற்கிறது.

அடுத்து, வெப்பமானி பழுது என்றார்கள். "சரி, கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்க. ஆனா என்ட மடியிலதான் வரும்" என்றாய். கோச்சி ஏறி, ரயில் ஜன்னலோரம், துவாயில் சுற்றிய வெப்பமானியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு போனாய். கம்பனி ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டு வந்தாராம். கொழும்பில் சோதித்து, வெப்பமானியில் ஒரு பழுதும் இல்லை என்று எழுதித் தந்தார்கள்.

மரண விசாரணை நாளில் கம்பனியின் வழக்கறிஞர் உன்னிடம் நயமாகத்தான் கேட்டார். "மகள், இது நுவரெலியா இல்ல. இந்த வெக்கை பூமியில குளிர் அடிச்சு மனுசன் சாவானா?"

நீ அவரை நேரே பார்த்துச் சொன்னாய்: "ஐயா ஊரப் பத்திக் கேட்கிறீங்க. நான் அந்த ஒரு விடியலப் பத்திச் சொல்றன். இதே திகதி எத்தனையோ வருஷம் வந்து போயிருக்கு, எல்லாம் எழுதி இருக்கு. ஒண்டிலயும் இப்பிடிக் குளிர் இல்ல. அந்த விடியலிலதான் அவர இடுப்பளவு தண்ணியில நிக்க வச்சீங்க."

வைத்தியரும் உடலில் மதுவின் அடையாளம் இல்லை என்று சொன்னார். ஈரத்திலும் குளிரிலும் நெடுநேரம் நின்றதால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பு வந்தது. குடி என்ற சொல் அந்தக் குடும்பத்தின் மேலிருந்து இறங்கியது.

கணவன் மௌத்தானபின் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த பிறகு சலீம் நானாவின் மனைவி உப்பள வாசலுக்கு வந்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "எது தங்கச்சி அந்த இலக்கம்?" என்று கேட்டார். மழைக்கும் காற்றுக்கும் மங்கிப்போயிருந்த அதை நீ விரலால் காட்டினாய். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய வெள்ளையைத் துடைக்காமலே போனார்.

உன்னை உப்பு பொதி செய்யும் கொட்டகைக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதித் தந்தால் பழைய வேலை திரும்பக் கிடைக்கும் என்று ஆள் அனுப்பினார்கள். "என்னத்துக்கு மன்னிப்பு? குளிர் அடிச்சதுக்கா?" என்று நீ கேட்டதைத் தூது வந்தவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கடைசிவரை கொட்டகையில்தான் இருந்தாய். உப்பில் கை வெடித்தது, கண் எரிந்தது. ஒருநாளாவது நீ அதற்காக வருந்திக் கதைத்து நான் கேட்டதில்லை.

பலகையைத் தொழிலாளர்களே கேட்டு வாங்கித் திரும்ப மாட்டினார்கள். நான் எழுதினேன். தை மாத விடியல்களில் அவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, "கொறஞ்சிருக்கு. வெயில் ஏறட்டும்" என்று வரம்பிலேயே குந்திவிடுவார்கள். கங்காணி கத்திப் பார்த்தார். ஒருவரும் இறங்கவில்லை. கொஞ்சக் காலத்தில் அதுவே அங்கே சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த உப்பளத்தில் குளிரில் நின்று ஒருவரும் சாகவில்லை. உன் கொட்டகையிலிருந்து பார்த்தால் அவர்கள் வெயில் காய்வது தெரியும் என்பாய்.

சிலாபம் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது மூச்சு வாங்கியது. தாதி வந்து காய்ச்சல் பார்த்தாள். அவள் போன பிறகு, "என்ன குறிச்சவள் எண்டு போய்ப் பார். கூட்டிக் குறைச்சு எழுதினா விடாத" என்றாய். சிரிக்கப் பலம் இல்லாமலே சிரித்தாய்.

போன கிழமை உப்பளத்திலிருந்து ஒரு தம்பி ஃபோன் எடுத்தார். பழைய பதிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். "மேடம், பொங்கல் கழிஞ்ச ஒரு நாள்ல ஒரு இலக்கம் மற்றதோட சேராம நிக்குது. கணினி சிவப்புல காட்டுது. பிழையாத்தான் இருக்கும், எடுத்துவிடவா?"

"எடுக்க ஏலாது" என்றேன். "நான் வாறன்."

பஸ் ஏறிப் போனேன். அவர் நல்ல பிள்ளை, கதிரை போட்டுத் தந்தார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: சலீம் நானாவை, மதிலை, கோச்சியில் உன் மடியிலிருந்த வெப்பமானியை. அவருடைய தாயின் வாப்பாவும் அதே பாத்திகளில் வரம்பு கட்டியவராம். கணினிப் பக்கம் திரும்பி, "இதைக் குறிச்சது ஆர் எண்டு போடலாமா?" என்று கேட்டார். உன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். திரையில் அது விழும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இனி வேறு ஒரு தை மாதம் இதைவிடக் குளிரலாம். உன் இலக்கத்தை இன்னொரு இலக்கம் வெல்லலாம். வெல்லட்டும்; உனக்கு அதில் கவலை இருக்காது, எனக்கும் இல்லை. ஆனால் அந்த விடியல் அவ்வளவு குளிரவில்லை என்று எவராவது சொல்ல வந்தால், அவர் முகாமையாளராக இருந்தாலும் சரி, இயந்திரமாக இருந்தாலும் சரி, நான் இன்னும் இருக்கிறேன். என் கண்ணால் பார்த்தேன். சத்தமாகச் சொல்லவும் எனக்குத் தெரியும்.