ஐந்தும் ஏழும் சந்திக்கும் இடம்

19.12.2009

1. 17.12.2009: எங்கள் இசைச் சங்கத்து வானதி தாளச் சுழற்சிகளைப் பதிந்து வைத்திருந்த சீக்குவென்சர் கருவியை, அவளிடம் கேளாமலே சங்கச் செயலாளர் இயக்கினார்.

2. 18.12.2009: அதில் ஐந்து எண்ணிக்கையில் சுழன்ற மணியையும் ஏழில் சுழன்ற உடுக்கையும் பிழையென்று கருதி, இரண்டையும் எட்டாக்கிச் சேமித்துவிட்டார்.

இன்று ஒத்திகையில் அதைப் பெருமையாகவே சொன்னார்.

"எல்லாத்தையும் ஆதி தாளத்துக்குக் கொண்டு வந்திட்டன், சேர்."

"ஓம் ஐயா, பிட்டு மாதிரி ஒரே அளவில அவிச்சு வச்சிருக்கீங்க," என்றாள் வானதி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சுனாமியில் தாயையும் தங்கையையும் இழந்தவள் அவள். அவளுடைய இசையில் மணிதான் அம்மா, உடுக்குத்தான் தங்கை. ஒன்றாகத் தொடங்கிப் பிரியும் இரண்டும், முப்பத்தைந்து எண்ணிக்கை கழிந்தபின் ஒரே கணத்தில் மீண்டும் ஒலிக்கும். இருபத்தாறாம் திகதி நினைவுகூரலுக்காக அவள் அமைத்தது அந்த ஒரு கணத்தைத்தான். முப்பது ஆண்டுகள் கணிதம் படிப்பித்த நான், பொது மடங்கு ஒன்றுக்காக மூச்சை அடக்கிக் காத்திருந்தது அவளுடைய இசையில் மட்டுமே. எட்டும் எட்டும் பிரிவதே இல்லை. சந்திப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

நாளை காலை செயலாளரிடம் கொடுக்க நான் எழுதிய கடிதத்தின் கடைசி வரி: மணியும் உடுக்கும் இனி எத்தனை எண்ணிக்கைக்கு ஒருமுறை சந்திக்கும் என்பதை, 23.12.2009 மாலை ஐந்து மணிக்கு முன்னர், வானதியின் பெயருக்கு எழுத்துமூலம் அறியத் தருக.