ஐந்தைவிடப் பெரிய ஒன்று

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தொடங்குகிறேன். போனில் நீ பேசுவது என் காதில் பாதிதான் விழுகிறது. மீதியை நானே நிரப்பிக்கொண்டு உளறுகிறேன். அதனால் கடிதம்.

பார்சல் கிடங்கில் நேற்று ஒரு பெட்டியைக் கட்டி முடித்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினேன். பெட்டிக்குள் இருந்தது. பக்கத்து மேசைக்காரர், "அண்ணே, உங்களையும் சேர்த்துக் கட்டாம விட்டீங்களே!" என்றார். சிரித்தேன். உன் அம்மா போன இந்த நாலு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

ஒன்று கேட்க வேண்டும். உன் அம்மாவின் சிகிச்சைக்கான மருத்துவமனைப் படிவத்தை நிரப்பியது நான். டாக்டர், "ரொம்ப அவசரம், ஒண்ணாம் நிலைன்னு போடுங்க" என்றார். நான் எதையோ மாற்றிக் கிறுக்கியிருப்பேன். எட்டாவதை இரண்டு தடவை படித்த கை அல்லவா! போய் நிற்கும்போதெல்லாம் கவுண்டரில் இருக்கும் பெண், "உங்க முறை வந்ததும் கூப்பிடுவோம் ஐயா" என்பாள். பத்தொன்பது நாள். கடைசிவரை கூப்பிடவில்லை.

அங்கே நோயாளிகளைக் கூப்பிடும் வரிசைப் பட்டியல் உங்கள் கம்பெனி செய்ததுதானே? படிவத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லேன். தப்பு என்னுடையதுதான் என்று தெரிந்துவிட்டால் போதும்.

உன் மக்குத் தகப்பன்

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

படிவத்தை அப்போதே பார்த்துவிட்டேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று. வட்டம்கூடப் போட்டிருக்கிறீர்கள்.

தப்பு என்னுடையது. கணினிக்கு நாங்கள் எழுதும் நிரலில் எண்களை வெறுமனே விட்டால் வயதும் அவசர நிலையும் கலந்துவிடும். அதனால் எண்ணை ஓர் உறைக்குள் போட்டு 'அவசரம்' என்று தனி வகையாக்குவோம். இரண்டு அவசரங்களில் எது பெரியது என்று ஒப்பிடும் முறையை அந்த உறைக்கு நாம் எழுதித் தர வேண்டும். அதற்கொரு குறுக்குவழி உண்டு. 'உள்ளே இருக்கும் எண்ணின் முறையே உறைக்கும்' என்று ஒரே வரி. மற்றதைக் கணினி தானே வருவித்துக்கொள்ளும். நான் அந்த வரியைப் போட்டேன்.

எண்ணில் ஒன்றைவிட ஐந்து பெரியது. அவசரத்தில் ஒன்றுதான் பெரியது. பட்டியல் அவசரமே இல்லாத ஐந்தாம் நிலைக்காரர்களையே முதலில் கூப்பிட்டது. அம்மாவின் பெயர் அடியில் கிடந்தது.

சோதித்தபோது எல்லாருக்கும் மூன்று என்று போட்டிருந்தேன். கோளாறு தெரியவில்லை. அம்மா போன மறுவாரம்தான் கண்டுபிடித்தேன். மேலிடத்தில் சொன்னேன், திருத்தினோம், வேலையை விட்டேன். உங்களிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த மாதம் வரட்டுமா அப்பா? வந்தபின் திட்டுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 29

பாப்பா,

ஆறு தடவை படித்தேன். புரியாமல் இல்லை. முதல் தடவையே புரிந்துவிட்டது, இந்த மண்டைக்கே.

நாலு மாதமாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். "ஒரு படிவம் ஒழுங்கா எழுதத் தெரியுதா உங்களுக்கு?" என்று உன் அம்மா குரலில்தான் திட்டு வரும். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அவள் கூட இருப்பது போலவே இருந்தது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தக் குரல் வரவில்லை.

'போகட்டும் விடு' என்று எழுதி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நீ வேண்டுமென்று செய்யவில்லை. தெரியும். தெரிந்து என்ன?

அடுத்த மாதம் வராதே. வந்தால் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன். உன் முகத்தைப் பார்க்கத்தான் முடியாது.

எழுதுவதை நிறுத்திவிடாதே. படிப்பேன். பதிலை மட்டும் எதிர்பார்க்காதே.

அப்பா