மூடியைக் கழற்றிய வீடியோ

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மஸ்கட்டில் வெயில் எப்படி என்று கேட்கப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் மெயில்.

நீ இங்கே வேலை பார்த்தபோது காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் நாம் எடுத்த, இரும்பு கடையும் லேத் வீடியோ ஞாபகம் இருக்கும். லேத்தில் நீ, கேமராவில் நான். வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது என்று முன்னாலிருந்த, பிசிறு தெறிக்காமல் தடுக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டினாய். பிறகு அனிமேஷன், அம்புக்குறி, மியூசிக் எல்லாம் சேர்த்தாய். நல்ல வீடியோதான். அதைப் பார்த்துவிட்டு வரும் பசங்களுக்கு நான் வாயே திறக்க வேண்டியதில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

வியாழக்கிழமை பிரேமலதா என்ற இரண்டாம் வருடப் பெண், மெஷினைப் போடுவதற்கு முன் மூடியைக் கழற்றி, நீ வைத்த அதே ஓரத்தில் வைத்திருக்கிறாள். நான் அடுத்த மெஷினில் இருந்தேன். சூடான இரும்புப் பிசிறு தெறித்துக் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள். கண் தப்பியது. ஏம்மா கழட்டினே என்றால், வீடியோல அதுதானே சார் முதல் ஸ்டெப்பு என்கிறாள். மற்றவர்களும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். ஒருத்தன், பாலு சாரே கழட்டுறாரு, எங்களை மட்டும் திட்டுறீங்களே என்கிறான்.

அவள் அப்பா ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. பாப்பா மறுபடி மெஷினைத் தொடலாமாங்க என்று மட்டும் கேட்டார்.

வீடியோவை நீக்கச் சொன்னால் பிரின்சிபால், ஆய்வுக் குழு வந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். அவர்களுக்குக் காட்ட உருப்படியாக இருப்பது இது ஒன்றுதானாம். வீடியோ இருப்பது உன் சேனலில். நீதான் அதை நீக்க முடியும்.

அதைக் காட்டித்தான் உனக்கு அங்கே வேலை கிடைத்தது. நீக்கினால் ஏன் என்று அங்கே கேட்பார்கள். தெரியும். நீ போனை எடுக்காததற்கு அதுதான் காரணம் என்றால் நேராகச் சொல்லிவிடு. சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை அடுத்த பேட்ச். மூடிகளை ஸ்க்ரூ போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். அதையும் கழற்றிவிடுவார்கள், நீ அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். எடுத்துவிடு, பாலு. லீவில் வா, மூடியோடு புதிதாக எடுப்போம்.

உன் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாளாம், வீட்டில் ரஞ்சனி சொன்னாள். குழந்தைக்கு என் ஆசி. அவள் கண்ணில் ஒரு தூசிகூட விழாமல் இருக்கட்டும்.

உன்,
ஹரிஹரசுதன்