நாற்பது கிராம் டோஃபு

செப்டம்பர் 17, ஞாயிறு

எதையும் வரிசைப்படுத்தாமல் தொடங்க எனக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடம் கணக்கு கற்பித்த பழக்கம். இந்த ஏட்டில் வரப்போவது:

1. தோதோவின் நோய், டாக்டர் ஹுவோ சொன்னபடி.
2. அதன் உணவு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை: என் கண்முன் வேறெதுவும் அதன் வாய்க்குள் போவதில்லை.
3. ஆகவே, என் கண்மறைவில் கொடுப்பவர் யார்.
4. அவரிடம் அதைச் சொல்வது எப்படி. (இதுதான் கடினம்.)

முதல் புள்ளி. தோதோ ஒன்பது வயது மால்டீஸ் நாய், எடை இரண்டரைக் கிலோ. என் மகள் தைபேக்குப் போகும்போது “மூணே நாளுப்பா” என்று விட்டுப் போனது. ஏழு வருடம் ஆகிறது. கூட்டல் என்னிடம்தான் கற்றாள்.

தோதோவின் கல்லீரல் பழுது. இறைச்சி குடலில் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் தடுத்து நிறுத்த வேண்டும். இதனுடையது தடுப்பதில்லை, விஷம் நேரே மூளைக்குப் போகிறது. டாக்டர் இதை எனக்குப் படம் போட்டு விளக்கினார். எனக்கு! கல்லீரலுக்குக் கண்ணும் வாயும் வைத்து. நான் இரண்டு முறை நன்றி சொல்லி, படத்தையும் வாங்கி வந்தேன்.

பதினைந்து நாள் நன்றாக இருந்தது. இன்று காலை சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றது. கூப்பிட்டேன். நான் யாரென்று தெரியவில்லை.

செப்டம்பர் 18

உணவு: இறைச்சிக்குப் பதில் சோயாவில் செய்த டோஃபு நாற்பது கிராம், குழைந்த சோறு, பூசணி. நாளுக்கு நான்கு வேளை, சிறிது சிறிதாக. குடலைச் சுத்தம் செய்யும் சிரப் மூன்று வேளை. தராசு வாங்கியிருக்கிறேன்.

டோஃபுவைச் சந்துமுனையில் கிம்மிடம் வாங்குகிறேன். வேறு வழியில்லை. அவள் கடை வாசலில் நிறுத்திய தள்ளுவண்டியில் ஒரு பக்கம் டோஃபு, மறுபக்கம் சோயாச் சாற்றில் கொதிக்கும் பன்றிக்குடல். சந்து முழுவதும் கேட்கும் குரல். பேசும்போது கரண்டியை ஆட்டுவாள், சாறு தெறிக்கும். தோதோ என்னை விட்டு விலகுவது ஒரே இடத்தில்: அந்த வண்டிக்குக் கீழே.

“வாத்தியாரே, உங்க நாய் உங்களைவிட நல்லா வாலாட்டுது!” என்றாள் இன்று. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

செப்டம்பர் 30, சனி

மாலை பாங் ஐயாவின் தேயிலைக் கடை. இரண்டு ஆட்டம் சதுரங்கம், இரண்டிலும் தோற்றேன். இந்தத் தெருவில் படித்தவர் என்று சொல்ல அவர் ஒருவர்தான். இருபது வருடம் எனக்குத் தலைமையாசிரியர். சாமிக்குப் படைத்த தட்டை இறக்கி எனக்கு ஒரு துண்டு பன்றி இறைச்சி வெட்டிக் கொடுத்தார். முழுக்கக் கொழுப்பு. மறுக்கவில்லை. தோதோ என் காலடியில் சமர்த்தாக இருந்தது.

அக்டோபர் 1, ஞாயிறு

காலையிலிருந்து வட்டமாகச் சுற்றுகிறது, இடப்பக்கமாகவே. எச்சில் ஒழுகுகிறது.

மீண்டும் ஞாயிறு. சனிக்கிழமை கிம் பெரிய அண்டா வைப்பாள். நிரூபணம் ஆயிற்று.

அக்டோபர் 17, செவ்வாய்

மறுபடியும் சுவர். ஆனால் செவ்வாய்! ஞாயிற்றுக் கொள்கை நொறுங்கியது. கிம் மீதான சந்தேகம் நொறுங்கவில்லை. இது தர்க்கம் அல்ல என்று தெரியும்.

அக்டோபர் 20

நேரில் சொல்ல வாய் வராது. கடிதம் எழுதினேன், நான்கு படிகள். நான்காவதில் ‘தாங்கள்’ என்று போட்டேன், ‘கொலை’ என்பதை அடித்தேன். அவள் கடை ஷட்டருக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 21

கடிதத்தை வரிசையில் நின்றவர்களுக்கு உரக்கப் படித்தாளாம். “எழுபத்தாறு வயசுல எனக்கு லெட்டர் போட்டிருக்காரு! என் வீட்டுக்காரரு கூட ஒண்ணு போட்டதில்ல!”

பிறகு என்னைப் பார்த்ததும்: “வாத்தியாரே, உங்க நாய்க்கு என் கையால டோஃபு தவிர ஒண்ணும் விழுந்ததில்ல. அது வண்டிக்கு அடியில போறது நிழலுக்கு. நீங்க வெய்யில்ல நிக்கிறீங்க, அது நிக்குமா?”

“ஆமாங்க” என்றேன். பொய் சொல்கிறாள்.

அக்டோபர் 31

சுற்றல். ஆறு மணி நேரம்.

நவம்பர் 14, செவ்வாய்

பாங் ஐயா கடை. கடித விவகாரம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. “லியாவ், குடல் விக்கிறவகிட்ட எழுத்தா? பன்னிக்குப் பாடம் எடுக்கிற மாதிரி.” சிரித்தேன். நான் இங்கே எழுதுவதும் அதுதானே? அவர் வாயில் கேட்டபோது ஏனோ நன்றாக இல்லை. மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. படையல் தட்டு, தேநீர், வீடு.

நவம்பர் 15

வலிப்பு. இரண்டு நிமிடம் பத்து விநாடி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது? பிடிக்கவும் தெரியவில்லை.

நவம்பர் 29, புதன்

தோதோவுக்கு நினைவே இல்லை. துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். மாலையில்தான் கண் திறந்தது. டாக்டர் ஹுவோ: “யாரோ இறைச்சி குடுக்கிறாங்க, தாத்தா. இன்னொரு தடவை இப்படிப் போனா திரும்பி வராது.”

தாத்தா! முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் பொய் சொல்லும் முகம் இல்லை.

டிசம்பர் 3

போனேன். தோதோவுக்கு முடியாமல் போன தேதிகளின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, பகல் பதினொரு மணிக்கு, எல்லார் முன்னும். “நீ— நீதான்” என்றேன். கீச்சென்று வந்தது குரல். யாரும் சிரிக்கவில்லை.

கிம் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, தாளை வாங்கினாள். பதினேழு, ஒன்று, பதினேழு, முப்பத்தொன்று, பதினைந்து, இருபத்தொன்பது. கடைச் சுவரில் கோவில் காலண்டர்: பெரிய எழுத்தில் தேதி, அதன் கீழே சிவப்பில் சின்னதாகச் சந்திரக் கணக்குத் தேதி. அந்த வகைக் காலண்டரை நான் வீட்டில் மாட்டுவதில்லை. நல்ல நாள் பார்ப்பவர்களுக்கானது. அவள் பழைய தாள்களைத் திருப்பினாள்.

“ஒவ்வொண்ணுக்கும் முந்தின நாளைச் சிவப்புல பாருங்க. ரெண்டு. பதினாறு. ரெண்டு. பதினாறு. ரெண்டு. பதினாறு. வாத்தியாரே, இதுக்கா மூணு மாசம்? கடை வச்சிருக்கிறவன் அத்தனை பேரும் பூமிச்சாமிக்குக் கறி படைக்கிற நாளு இது!”

“நீயும் கடைதான் வைத்திருக்கிறாய்” என்றேன்.

“வச்சிருக்கேன். அன்னைக்கு மூணு மணிக்கே ஷட்டரை இறக்கிட்டு கோவிலுக்குப் போயிடுவேன். நீங்க முன்னாடியே வந்து டோஃபு வாங்கிட்டுப் போறீங்களே, மறந்துட்டீங்களா? சாயங்காலம் உங்க நாயி என் வண்டிக்கு அடியில இல்ல.” குரலைத் தாழ்த்தினாள். அவளால் தாழ்த்த முடியும் என்றே எனக்குத் தெரியாது. “எந்த மேசைக்கு அடியில இருந்துச்சு?”

தாளை மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 4

இந்த ஏட்டை முதலிலிருந்து படித்தேன். செப்டம்பர் 30. நவம்பர் 14.

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 13

நாளை சந்திரக் கணக்கில் இரண்டாம் தேதி. காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் பாங் ஐயா பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வருவார். போன வருடம் எனக்குச் சளி பிடித்தபோது வந்தார். பெருமையாக இருந்தது எனக்கு. தோதோவை விட்டுவிட்டுப் போகலாம். “எங்கே அது?” என்பார், அதற்கும் ஒரு பங்கு வெட்டித் தருவார். வாங்கி வந்து கொட்டிவிடலாமே? கொட்டலாம். பதினைந்து நாளுக்கொரு முறை, அவர் சாகும்வரை, அல்லது நான்.

கோழையாக இருப்பதற்கு எத்தனை வழிகளைக் கண்டுபிடிக்கிறேன்! வகுப்பில் இத்தனை வழியில் ஒரு கணக்கைப் போட்டவனில்லை.

டிசம்பர் 14

தோதோவைக் கூட்டிக்கொண்டே போனேன்.

மூன்றாம் ஆட்டத்தில் எனக்கு ஒரு தேர் அதிகம். அவர் தட்டை இறக்கினார். எனக்கு ஒரு துண்டு. இன்னொன்றை எடுத்தார், பேச்சை நிறுத்தாமலேயே அவர் கை மேசைக்குக் கீழே போனது. தோதோ எழுந்தது. நான் குனிந்து அதன் வாயை மூடினேன். துண்டு என் புறங்கையில் விழுந்தது, இன்னும் சூடாக.

“வேண்டாங்க ஐயா. இது செத்துப்போயிடும்.”

“சாமிக்குப் படைச்சதைத் தின்னு எது செத்திருக்கு?”

“இது சாகும் ஐயா. அம்மோனியா...”

என்னையே பார்த்தார். “இத்தனை வருஷத்துல நீ என்கிட்ட வேண்டாம்னு சொன்னதே இல்லையே, லியாவ்.”

“இல்லைங்க. சொல்லியிருக்கணும்.”

பலகையை மடித்தார். காய்கள் பெட்டிக்குள் உருண்டன. வாழ்நாளில் முதல்முறை ஜெயிக்க இருந்தேன்.

டிசம்பர் 15, வெள்ளி

காலை ஆறு மணிக்குத் தோதோ என் செருப்பைக் கடித்து இழுத்தது. சுவர்ப்பக்கமே போகவில்லை. நான்கு வேளையும் தின்றது.

கிம் கடை. “என்ன வாத்தியாரே, இன்னைக்கு லெட்டர் இல்லையா?” கொடுத்தேன், ஒரே படி, இரண்டு வரி. படித்தார். வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள், உரக்கப் படிக்கவில்லை. மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, டோஃபுவைத் தராசில் வைத்து, “நாப்பதுதானே?” என்றார்.

திருத்தம். இரண்டாம் புள்ளி தவறு. என் கண்முன்தான் போனது, ஒவ்வொரு முறையும். பாங் ஐயாவின் கை மேசைக்குக் கீழே போகும்போதெல்லாம், அடுத்த காயை யோசிப்பவன்போல நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.