நான்கு தக்கைகள்

ஜூன் 4

துணி ஆறு முழம். நைலான் நூல் ஒரு கண்டு. வலைத் தக்கை நான்கு, படகுக்காரர் சும்மா கொடுத்தார்.

இவருடைய ஆய்வுக்கூடத்தில் மிதவை செய்கிறார்கள், கரையோரத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்க்க. மிதவைக்கு அடியில் தொங்கும் பாயைத் தைப்பது நான். காற்று தள்ளாமல் நீரோட்டம் மட்டுமே இழுத்துப் போக அந்தப் பாய்தானாம். எங்கள் பிள்ளை ஜனவரியில் கடலில் குளிக்க இறங்கிய இடத்திலேயே முதல் மிதவையை விடப் போகிறார்.

இன்னும் கிடைக்கவில்லை அவன். கிடைக்கவில்லை என்றால் இல்லை என்றா அர்த்தம்?

ஜூன் 9

நாத்தனார் வந்தாள். "என்ன அண்ணி, கடலுக்கே பாவாடை தைக்கிறீங்களா?" சிரித்துவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

ஜூன் 14

மிதவை கரை ஏறிவிட்டது! படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஆண்டவனே, தண்ணீர் கரைக்குத்தான் கொண்டுவருகிறது. அப்படியானால் அவனையும் எங்கேயோ, யாராவது எடுத்து, நினைவு தப்பி — சாமி விளக்கின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஜூன் 15

பாயின் மேல்மடிப்பை இவர் பிரித்திருக்கிறார்.

"இந்தத் தக்கையெல்லாம் யாரு வெச்சது?"

"நான்தாங்க. தலை மட்டும்தான் வெளிய தெரியும்னீங்க. முங்கிடுமோன்னு…"

"முங்கித்தான் இருக்கணும், இவளே. இது தூக்கிக்கிட்டு நின்னுருக்கு. காத்துதான் தள்ளிக் கரையில போட்டுருக்கு. தண்ணி இல்ல."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தலை மட்டும் தெரிகிற ஒன்றை எப்படித் தண்ணீரில் விடுவது? பெத்த வயிறு கேக்குமா?

ஜூன் 16

விளக்கு ஏற்றவில்லை.

ஜூன் 23

இரண்டாவது மிதவை தக்கையில்லாமல் போனது. அது போகிற வழியைக் கணினியில் புள்ளி புள்ளியாகக் காட்டினார். கடலுக்குள் நீண்ட கரை முனையைத் தாண்டி வெளியே, வெளியே.

"திரும்பாதா?"

"இந்த மாசத்து ஓட்டம் இது. ஜனவரியில எப்படியோ."

பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு கொடுக்கிறார். அதையும் பிடிக்கிறது பாவி மனசு.

ஜனவரி 17

துணி ஆறு முழம். நூல் ஒரு கண்டு.

அவன் போன அதே நாள். படகில் நானும் போனேன். "அண்ணி, பிடிமானமா உட்காருங்க," என்றார் படகுக்காரர். மிதவையை என் கையால்தான் இறக்கினேன். தலை மட்டும் தெரிந்தது. கரை சேர்த்துவிடு சாமி என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஜனவரி 20

முனையைத் தாண்டிவிட்டது. இவர் கணினியை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

விளக்கேற்றினேன். சாமியிடம் எதுவும் கேட்கவில்லை.