ஒன்றரை மணி மராத்திச் சேனல்

மார்ச் 4, புதன்

அம்மா இங்கே வந்து இன்றோடு ஐந்து மாதம். அப்பா போன பிறகு, திருப்பூரில் சங்கரன் அண்ணன் வீடு இருக்க, "நான் சுப்ரஜாகூட இருக்கறேன்" என்று அவளாகத்தான் சொன்னாள். விவாகரத்துக்கு அப்புறம் இந்த மராத்தி ஊரில், இந்தக் கராடி ஃபிளாட்டில் சத்தம் என்றால் ஃபிரிட்ஜ் சத்தம்தான். இப்போது ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தால் "வந்துட்டியா சாமி" என்று ஒரு குரல். அம்மா இங்கேயே இருந்துவிட வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

பகலில் தனியாக இருக்கிறாளே என்பதுதான் கவலை. மதியம் சமைக்க வரும் அம்ருதாவுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. துணைக்கு டிவி. அதுவும் நெட்டில் வருவது, தொள்ளாயிரத்துச் சொச்சம் சேனல். ஒரு தமிழ்ப் படம் வைக்க ரிமோட்டை அமுக்கி அமுக்கி அவள் கட்டைவிரல் தேய்ந்துவிடும்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று முழுக்க டிவி வேலை. 'Tamil' என்ற சொல் பெயரில் இருக்கிற சேனல் மட்டும் என்று ஃபில்டர் போட்டால் அறுபத்தொன்று வந்தது. பெயரில் அந்தச் சொல்லே இல்லாத தமிழ்ச் சேனல்கள் நிறைய விட்டுப்போயின. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தேன். பிறகு வகைப்படி பிரித்தேன்: பக்தி, சமையல், பழைய படம், சீரியல். செய்தி வேண்டாம், விபத்தைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். குழந்தைகள் சேனல், பேய்ப்படம், எல்லாம் வெளியே. மிச்சம் முப்பத்தெட்டு. 'அம்மா' என்று குழுவுக்குப் பெயர் வைத்து, மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். தப்பித்தவறி அமுக்கினாலும் வேறெங்கும் போகாது.

என்ன பார்த்திருக்கிறாள் என்ற பட்டியலையும் பார்த்தேன். தினமும் மதியம் ஒன்றரைக்கு ஒரு மராத்திச் சேனல், அரைமணி நேரம். பாவம், மாற்றத் தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறாள்.

"மத்தியானம் இங்க என்ன நடக்குதுன்னு எல்லாம் இதுல பதிவாகும்மா. இனிமே அந்த மராத்தி வராது" என்றேன், சிரித்துக்கொண்டே.

அம்மா ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். "செரி சாமி. நீ செஞ்சா செரியாத்தான் இருக்கும்."

எனக்கு அவ்வளவு பெருமை.

மார்ச் 12, வியாழன்

அம்மா டிவியே போடவில்லையாம். கண் வலிக்கிறதாம்.

மார்ச் 19, வியாழன்

குடி பாட்வா, இங்கே மராத்தி வருஷப்பிறப்பு. அம்ருதா பூரண் போளி கொண்டுவந்தாள். லீவு என்பதால் நான் வீட்டில் இருந்தேன். உள்ளே வா என்றதற்கு வரவில்லை, வாசலிலேயே டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா அடுப்படியை விட்டு வரவே இல்லை. இரண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபமா? கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள்.

மார்ச் 21, சனி

"அண்ணனை வரச் சொல்லு சாமி. ஊருக்குப் போறேன்."

என்னம்மா குறை என்று கேட்டால் வெயில் என்கிறாள். திருப்பூரில் அடிக்காத வெயிலா?

மார்ச் 29, ஞாயிறு

போய்விட்டாள். ஸ்டேஷனில் என் கன்னத்தைத் தடவி, "உன்னைய ஒண்ணும் சொல்லல சாமி" என்றாள். யார் என்ன சொன்னார்கள் இப்போது? வீட்டுக்கு வந்தால் மறுபடி ஃபிரிட்ஜ் சத்தம். நன்றாக அழுதேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காய்ச்சல், ஆபீஸ் போகவில்லை. அம்ருதா சமைத்து முடித்துக் கை துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தபடி நின்றாள். மணி ஒன்றரை. என்ன என்று இந்தியில் கேட்டேன். கொட்டிவிட்டாள்.

"தீதி, இந்த நேரத்துக்கு அம்மாவும் நானும் சீரியல் பார்ப்போம். கீழே உக்காந்தா விட மாட்டாங்க, சோபாவுல பக்கத்துல உக்கார வைப்பாங்க. நான் மராத்தியில கதை சொல்லுவேன், அவங்க தமிழ்ல சொல்லுவாங்க. அந்த மாமியாரைத் திட்டுறாங்கன்னு மட்டும் புரியும். ஒருநாள் டிவியைக் காட்டி, இனிமே கிடையாதுங்கற மாதிரி 'பந்த், பந்த்'னு கையை விரிச்சாங்க. வேலைக்காரி சோபாவுல உக்கார்றது உங்களுக்குப் பிடிக்கலைன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

அப்போதே உறைத்தது. மத்தியானம் நடப்பதெல்லாம் பதிவாகும் என்று நான் சொன்னேனே! நான் வேவு பார்த்துக் கண்டுபிடித்துவிட்டதாக அல்லவா அம்மா நினைத்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை? கேட்டால் பேச்சு வளரும், அம்ருதா வேலை போய்விடும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு, அவளே கிளம்பிவிட்டாள்.

மாற்றத் தெரியாமல் விட்டிருக்கிறாளாம்! பெரிய அறிவாளி நான். சீ.

ஏப்ரல் 8, புதன்

அம்மாவுக்கு ஃபோன் செய்து எல்லாம் சொன்னேன். நீ தமிழ் பாக்கணும்னுதாம்மா செஞ்சேன், எனக்குத் தெரியவே தெரியாது என்று அழுதுவிட்டேன்.

"அட, எதுக்கு இப்ப அழுவற? எனக்கென்ன கோவம். மே மாசம் வாறேன் போ." அப்புறம், "சீரியல்ல வர்ற அந்தப் புள்ளைக்குக் கண்ணாலம் ஆயிருச்சான்னு அம்ருதாகிட்டக் கேட்டுச் சொல்லு."

நம்பினாளா? இல்லை, நான் அழுகிறேனே என்று சொன்னாளா? அம்மாவிடம் இதுதான் தொல்லை, எது நிஜம் எது சமாதானம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மே 9-க்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மறைத்த எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். அம்மா வருவதற்குள் ஆகாது, மாமியார் இழுத்தடிக்கிறாள் என்கிறாள் அம்ருதா. அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அம்மா காலையில் எழுந்திருக்கவில்லை. அண்ணன் ஃபோன். விமானத்துக்குப் போகிறேன்.

மே 9, சனி

திருப்பூர். இன்று அம்மா ரயிலேறியிருக்க வேண்டிய நாள்.

அண்ணன் பீரோவின் மேலிருந்து அவள் பையை இறக்கினான். கண்ணை மூடுவதற்குப் பத்து நாளைக்கு முன்பே கட்டி வைத்துவிட்டாளாம். மாத்திரை, இரண்டு சேலை, எனக்குப் பருப்புப்பொடி. அடியில் ஒரு புதுச் சுங்குடிச் சேலை, மஞ்சள். "அம்ருதாவுக்காம். சோபாவுல உக்காந்து கதை சொல்ற புள்ளைக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கோணும்னு கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுச்சு" என்றான் அண்ணன்.

வரத்தான் இருந்திருக்கிறாள். நம்பித்தான் இருந்திருக்கிறாள். பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 10, புதன்

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டு வாங்கிவிட்டேன். 'அம்மா' குழுவில் இப்போது முப்பத்தொன்பது சேனல். மராத்திச் சேனல் முதலில்.

ஒன்றரைக்கு அம்ருதா வந்து உட்கார்ந்தாள், மஞ்சள் சேலையில். நடுவில் அம்மா இடத்தை விட்டுவிட்டு ஓரமாக. நான் இந்த ஓரம். அவள் கதையை இந்தியில் சொல்ல ஆரம்பித்தாள். மராத்தியிலேயே சொல் என்றேன். எனக்குப் பாதிதான் புரிந்தது. மாமியார் வந்தபோது நான் தமிழில் திட்டினேன். அம்ருதா சிரித்தாள், உடனே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு இன்று கல்யாணம் ஆயிருச்சும்மா.