கடைசிக் குவியலில் திரும்பு

அக்கா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். நீ நம்பவில்லை. உன் மகள் சாந்தி ஒரு நாள் இந்த ஈ.சி.ஆர். ரோட்டை ஒற்றை ஆளாக அளந்து முடிப்பாள் என்று, அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே சொன்னவன் உன் தம்பி. கடல் உள்ளே வரும் என்று சொன்னேன். மழை முந்திக்கொள்ளும் என்று சொன்னேன். நீ இவ்வளவு சீக்கிரம் போய்விடுவாய் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியாமல் போனது.

இன்று காலை அவள் சைக்கிளில் செயின் கழன்றது. மாட்டிவிட்டுக் கையை முகர்ந்தால் வடை சுட்ட எண்ணெய் வாசனை. நம் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பு நாலே நாளில் துருப்பிடிக்கும் என்று, பலகாரம் சுட்ட எண்ணெயைக் கீழே கொட்டாமல் தகர டப்பாவில் சேர்த்து வைத்துச் செயினுக்கு விடுவாயே, அந்த வாசனை. நீ போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. டப்பாவின் அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் நானும் விடுகிறேன். கையைக் கழுவ மனசு வராமல் இப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் எண்ணெய்க் கையின் பிழை என்று வைத்துக்கொள்.

ஊரில் சாந்தியை என்னென்னவோ சொன்னார்கள். பேசாத பெண், கூப்பிட்டால் திரும்பாத பெண், தொட்டால் கத்துகிற பெண். பாண்டிச்சேரி டாக்டர் ஆட்டிசம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் ஏழாவது வரைதான் படித்தவன். ஆனாலும் டாக்டருக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவன் நான்தான், பேர் மட்டும்தான் தெரியவில்லை. இந்தப் பெண்ணுக்கு நம் உலகத்தில் சத்தம் ஜாஸ்தி என்று உன்னிடம் சொன்னேனா இல்லையா?

அப்புறம் அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. அனுமந்தைப் பக்கம் படகுகள் தோப்புக்குள் கிடந்தன. நீ வேலை செய்த உப்பளப் பாத்திகளில் முழங்கால் அளவு கறுப்புச் சேறு. நம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அன்றிலிருந்து சாந்தி மூலையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அலைச் சத்தம் நமக்கே காதில் விழாத தூரம். அவளுக்கு விழுந்தது. அது மறுபடி வருகிறது என்று அவளுக்கு மட்டும் யாரோ சொல்லிக்கொண்டே இருந்த மாதிரி இருந்தாள்.

நிவாரணச் சாமான் ஏற்றிவந்த லாரியில் ஒரு சைக்கிள் இருந்தது. ஆயிரம் பேர் கூட்டம். நான் புகுந்து, பெரிய அதிகாரியிடம் இங்கிலீஷில் பேசி வாங்கிவந்தேன். என்னடா பேசினாய் என்று நீ கேட்டாய். "எஸ் சார், நோ சார், சைக்கிள் சார்" என்றேன். கடல் வந்த பிறகு நீ முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இரண்டே நாள். முதல் நாள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டாம் நாள் என் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். சக்கரம் சுற்றுகிற சத்தத்தில் கடல் சத்தம் அடங்கிப்போனதோ என்னவோ, காதிலிருந்து கை இறங்கியது. தொண்டைக்குள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டே போனாள். பதினெட்டு வயதுப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அன்றுதான் பார்த்தோம்.

ஆனால் அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. மிதிக்க ஆரம்பித்தால் மிதித்துக்கொண்டே இருந்தாள். சாந்தியின் அப்பாவை, என் மாமாவை, லாரி அடித்த ரோடு அது. நீ வெள்ளை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னாய்: "போறதுக்கு நான் பயப்படலடா. திரும்பி வராததுக்குத்தான் பயப்படறேன்."

முதலியார்சாவடிச் சிறப்புப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒரு வழி சொன்னார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வார்த்தை கொஞ்சமாக இருக்க வேண்டும், தினமும் அதே வார்த்தையாக இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் ஒன்று வேண்டும். நான் யோசித்தேன். ரோட்டோரமாக வரிசையாக உப்புக் குவியல்கள், மழைக்குப் பயந்து மேலே பனை ஓலை போர்த்தியவை. வரிசை முடிகிற இடம் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். "கடைசிக் குவியல். திரும்பு." மூன்றே வார்த்தை. என் மூளையைப் பார்த்து டீச்சரம்மாவே அசந்துபோனார்.

அவள் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். கடைசிக் குவியலில் இறங்குவாள், ஓலையைத் தொடுவாள், ஒரு கிழிசலைக் கிள்ளி ஹேண்டில்பாரில் செருகிக்கொண்டு திரும்புவாள். நீ அந்தக் கிழிசல்களைக் கூரையில் சொருகி வைத்தாய். நான் ரோட்டு முனை டீக்கடையில் மொபெட்டோடு காவல். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி ஒரு நாள் தப்பவில்லை.

நாம் இரண்டு பேரும் உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மழை வருவதற்குள் குவியலை லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று நமக்குத் தெரியாதா? வருஷா வருஷம் உன் கையால்தான் கூடை கூடையாகத் தூக்கிக் கொடுத்தாய். ஆனால் தினமும் பார்க்கிற பொருள் மலை மாதிரி அங்கேயே இருக்கும் என்று புத்தி நம்பிவிடுகிறது. போன வருஷம் புரட்டாசியில் அன்று விடியற்காலையிலேயே லாரிகள் போவதை நீயும் பார்த்தாய். பார்த்தும் உனக்குத் தோன்றவில்லை.

அந்த நாள் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மறுபடி கேட்டாய்.

காற்று செத்துக் கிடந்தது. வடகிழக்கே வானம் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி. பாத்திகளில் மிச்சமிருந்த நீர் ரத்தச் சிவப்பாகத் தேங்கியிருந்தது. பத்து மணிக்குச் சாந்தி டீக்கடையைத் தாண்டினாள். குவியல் இருந்த இடங்களில் தரையில் வெள்ளை வட்டம் மட்டும்தான். அவள் வட்டத்தைப் பார்த்தாள், திரும்பவில்லை. நான் டீயைக் கொட்டிவிட்டு மொபெட்டை எடுத்தேன். பிடித்து நிறுத்தலாம். ஆனால் தொட்டால் கத்தி, மிரண்டு லாரிக்கு முன்னால் ஓடிவிட்டால்? அதனால் இரண்டு தென்னை மர தூரம் விட்டுப் பின்னாலேயே போனேன். பாலம் தாண்டினாள். கடப்பாக்கம் தாண்டினாள். ஒரு லாரி அவளை உரசிக்கொண்டு வந்தது. நான் குறுக்கே விட்டேன். டிரைவர் தலையை நீட்டி, "யோவ், சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" என்றான். "ஏம்பா, உன் வண்டி நல்லா கழுவியிருக்குது, அதான்" என்றேன். இடி இடித்தது. அவள் முனகல் மட்டும் மாறவே இல்லை. செய்யூர்ப் பக்கத்து உப்பளத்தில் குவியல்கள் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் இறங்கி, தொட்டு, கிள்ளி, திரும்பினாள். போக வர ஐம்பது கிலோமீட்டர்.

இங்கே உன் பாடு எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. காலில் உப்புச் சேறு காயாமல் வரப்பெல்லாம் ஓடியிருக்கிறாய். கடற்கரையில் ஒரு சைக்கிள் கிடக்கிறது என்று எவனோ புரளி கிளப்பியிருக்கிறான். ஆம்பளைகள் கழிமுகத் தண்ணீரில் மூங்கிலை விட்டுக் குத்திப் பார்த்தார்களாம். நீ அழவில்லையாம். மாமா விழுந்த இடத்தில் போய் நின்றுவிட்டாயாம். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து உன்னைக் கூட்டிவர யாருக்கும் தைரியம் இல்லை.

ஐந்து மணிக்கு நானும் சாந்தியும் தெருவுக்குள் நுழைந்தோம். சேதி கேட்டு ஓடிவந்த நீ அவளைத் தொடவில்லை, தொட்டால் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஹேண்டில்பாரில் இருந்த கிழிசலை உருவினாய். விரலால் தடவினாய்.

"இது நம்ம ஓலை இல்லடா. தென்னங்கீத்து. எங்கடா போனீங்க?"

"செய்யூர் வரைக்கும். நான் பின்னாடியே போனேன்க்கா."

பளார் என்று ஒரு அறை. "பின்னாடியே போனவன் ஒரு பூத்துல நின்னு போன் பண்ணக் கூடாது?"

"நின்னா அவள விட்டுடுவேனே."

நீ அப்படியே மண்ணில் உட்கார்ந்தாய். அப்போதுதான் சாந்தி சிரித்தாள். வாய்விட்டு, நிறுத்தாமல், வாய்க்கால் திறந்துவிட்ட மாதிரி. மூன்று தட்டு சோறு சாப்பிட்டாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

அடுத்த நாளே நீ ஒரு கூடை உப்பைக் கொண்டுபோய், பழைய கடைசிக் குவியல் இருந்த இடத்தில் கொட்டி ஓலை போர்த்தினாய். மழை கரைக்கக் கரைக்க மறுபடி கொட்டினாய். அந்த மழைக்காலத்திலேயே உன் இருமல் ஆரம்பித்தது. அதை மட்டும் நான் யாருக்கும் ஜோசியம் சொல்லவில்லை.

தை மாதம் டீச்சரம்மா வந்தார். பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் முதலியார்சாவடியிலிருந்து மகாபலிபுரம் வரை ஒரே நாளில் சைக்கிளில் போகப் போகிறார்கள், சாந்தியும் வர வேண்டும் என்றார். தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். வெளியே நான் நூற்றைம்பது என்று சொல்வது வழக்கம். நீ முடியாது என்றாய். டீச்சரம்மா இரண்டு தடவை வந்து போனார். மூன்றாவது தடவை என்னைப் பார்த்துக் கேட்டாய்: "அன்னிக்கு மாதிரியே பின்னாடி போவியாடா?" போவேன் என்றேன். "அப்போ அனுப்பறேன்."

மாசியில் கிளம்பினார்கள். அந்தோணி என்ற பையன் வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டே வந்தான். மற்ற மூவரும் அவரவர் உலகத்தில். சாந்தி எல்லாருக்கும் முன்னால், அதே முனகலோடு. மொபெட் கல்பாக்கம் தாண்டி மக்கர் பண்ணி நின்றுவிட்டது. நான் தள்ளிக்கொண்டு போனேன். நீ பள்ளிக்கூட வேனில் முன்னாலேயே போயிருந்தாய். மடியில் ஒரு மூட்டை. என்ன என்று டீச்சரம்மா கேட்டதற்கு அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாயாம். மகாபலிபுரத்தில் முடிகிற இடத்தில் மூட்டையைப் பிரித்து, உப்பைக் குவித்து, மேலே பனை ஓலையைப் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாயாம். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து சைக்கிளும் அந்தக் குவியலைச் சுற்றிக் கிடந்தன. அந்தோணி மணி அடித்துக்கொண்டிருந்தான். ஐந்து பேரும் ஓலையைக் கிள்ளிக் கையில் வைத்திருந்தார்கள். சாந்தி உன் தோளில் சாய்ந்திருந்தாள். அவளாகவே, நீ இழுக்காமல். நீ மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாய்.

ஆடியில் ஆஸ்பத்திரி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். பேச்சு காற்றாக வந்தது.

"அன்னிக்கு நீ பின்னாடி போனல்ல?"

"போனேன்க்கா."

"அப்போ இனிமேலும் போவ."

"போவேன்."

தலையை ஆட்டினாய். அவ்வளவுதான் நாம் பேசியது.

இப்போது தினமும் பின்னால் போகிறேன். இரண்டு தென்னை மர தூரம். சாந்திக்கு மொபெட் சத்தம் பிடிக்கவில்லை, திரும்பிப் பார்த்து முறைக்கிறாள். ஊரில் எல்லாரும் தாய்மாமன் என்றால் இவனல்லவா என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.

அக்கா, அந்த இங்கிலீஷ், அந்த ஆயிரம் பேர் கூட்டம் எல்லாம் நீயே தள்ளுபடி போட்டுத்தான் கேட்டிருப்பாய். இது ஒன்றை மட்டும் நீ முழுசாக நம்பினாய். அன்றைக்குப் பத்து மணிக்கு நான் டீக்கடையில் இல்லை. அனுமந்தையில் ஒரு படகின் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரும் வழியில் அவள் திரும்பவில்லை என்று யாரோ பேசுவது காதில் விழுந்தது. டீச்சரம்மாவின் பள்ளிக்கூடம் தேடித் தெற்கேதான் போயிருப்பாள் என்று எனக்கு நானே அடித்துச் சொல்லிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் தெற்கே போய்ச் சாயங்காலம் வரை கடலோரம் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நான் தெற்கிலிருந்து வந்தேன், அவள் வடக்கிலிருந்து வந்தாள், தெரு முனையில்தான் சேர்ந்தோம். கீற்று நிஜம், செய்யூர்ப் பக்கம்தான் தென்னங்கீற்று போர்த்துவார்கள் என்று தெரிந்துதான் அந்த ஊரைச் சொன்னேன். லாரிக்காரன் என் சொந்தச் சரக்கு.

அவளுக்குப் பின்னால் யாருமே போகவில்லை அக்கா. அவளாகவே போய், அவளாகவேதான் திரும்பி வந்தாள்.